அடுகோடியிலிருந்து ஓசூர் வரை

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் பெங்களூர்ப் பள்ளிக்கூடங்கள் ஆண்டுத் தேர்வை முடித்துக் கதவடைத்துவிடுகின்றன. பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சிக் காலம். கற்பிப்போருக்கோ கணக்குப் பார்க்கும் காலம். நாம் முறையாகப் பயின்ற ஆசிரியர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிகிறோம். ஆயினும் ஞாயிறுதோறும் அடுகோடியில் ஒரு வீட்டு மாடியில் நம்மவர் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பித்து வருகிறோம்.

சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் 22 பிள்ளைகள் வந்தனர். ஆண்டிறுதியில் எஞ்சியவர் 9 பேரே. தம் மகனை நிறுத்திவிட்ட அம்மையார் ஒருவரிடம் காரணம் கேட்டோம். "பள்ளிக்கூடத்தில் மூன்று மொழி படித்தே திணறுகிறான், அண்ணா. நாலாவதையும் அவன் தலையில் ஏற்ற வேண்டுமா?" என்றார். கோபமின்றிக் கேட்ட கேள்வி அது. விடை சொல்ல நமக்குத் தெரியவில்லை. வகுப்பை மூடிவிடலாம் என்ற எண்ணத்தோடேயே அன்று வீடு திரும்பினோம்.

மறுநாள் விடியற்காலையில் உறக்கம் கொள்ளாமல் நடக்கப் புறப்பட்டோம். அடுகோடியை அறியாத அன்பர்களுக்கு ஒரு சொல்: ஓசூர்ச் சாலை நகரத்தை விட்டுத் தெற்கே இறங்கும் வழியில் உள்ளது இவ்வூர். பெரியவர்கள் இன்றும் 'மைக்கோ' என்றே அழைக்கும் பாஷ் நிறுவனத்தின் வளாகம் இங்குதான் இருக்கிறது. சற்றுத் தள்ளிப் பால் பண்ணை இருப்பதால் அந்த நாற்சந்திக்கே டெய்ரி சர்க்கிள் என்று பெயர் வழங்குகிறது. கடைப் பலகைகளில் கன்னட எழுத்து. கடைக்குள் பேச்சில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் கலந்து ஒலிக்கும். பூக்கட்டும் பாட்டி ஒரே மூச்சில் இரண்டு மொழியில் பேரம் பேசுவாள்.

பால் விற்கும் கடையருகே நின்றபோது, வகுப்பை விட்டு நின்ற அச்சிறுவன் வந்தான். கடைக்காரரிடம், "அர்த லிட்டர் ஹாலு கொடி, அண்ணா" என்றான். திரும்பி நம்மைக் கண்டதும் நாணத்துடன், "பால் வாங்க வந்தேன், மாமா" என்றான்.

ஹாலு, பால். நாள்தோறும் நம் காதில் விழும் சொற்கள்தாம். அன்றுதான் நம் மனத்தில் ஏதோ தட்டியது. வீடு வரும் வரை சொற்களை அடுக்கிக்கொண்டே வந்தோம். பத்து என்பது ஹத்து; பூ என்பது ஹூவு; பல் என்பது ஹல்லு; புலி என்பது ஹுலி; பெயர் என்பது ஹெசரு. பழங்கன்னடத்தில் இச்சொற்களும் பகரத்திலேயே தொடங்கின என்றும், பின்னாளில் அது ஹகரமாகத் திரிந்தது என்றும் மொழிநூலார் கூறுவர். இம்மொழிகள் ஒரு குடும்பத்தவை என்பதைக் கால்டுவெல் 1856-ஆம் ஆண்டிலேயே தம் ஒப்பிலக்கண நூலில் விரிவாக எடுத்துக் காட்டினார். திருச்சிராப்பள்ளியின் பள்ளியும் பையப்பனஹள்ளியின் ஹள்ளியும் உடன்பிறப்புகளே.

நாமோ ஓராண்டுக் காலம் கன்னடத்தைப் போட்டியாக எண்ணிப் பாடம் நடத்தியிருக்கிறோம்! கன்னட நெடுங்கணக்கு அறிந்த பிள்ளைக்குக் குறிலும் நெடிலும் புதியவை அல்ல. எகரமும் ஏகாரமும் வெவ்வேறு என்று சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே ககர வரிசையில் நான்கு எழுத்துகள் கற்றவனுக்கு இங்கே ஒன்றே போதும். அம்மையாரின் கேள்விக்கு விடை இதுவே: நாம் ஏற்றுவது நாலாவது சுமை அன்று, பாதிச் சுமையை அவன் முன்னமே தூக்கிவிட்டான்.

அக்கிழமையே நண்பர் ஒருவர் 'டோட்டோ-சான்' என்னும் நூலின் தமிழாக்கத்தைக் கொடுத்தார். ஜப்பானியப் பெண்மணி தெத்சுகோ குரோயாநாகி 1981-இல் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய நூல் அது. டோக்கியோவில் கோபயாஷி என்னும் தலைமையாசிரியர் நடத்திய பள்ளியில் வகுப்பறைகள் எவை தெரியுமா? ஓட்டம் ஓய்ந்த இரயில் பெட்டிகள்! 1945-ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அப்பள்ளி எரிந்துபோயிற்று. இரயில்வே எழுத்தர் ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? நின்றுபோன பெட்டி நம்மிடம் இல்லை. ஓடுகின்ற பெட்டி இருக்கிறதே என்று தோன்றிற்று.

ஏப்ரலில் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளையும் சில தாய்மார்களையும் கன்டோன்மென்ட் நிலையத்தில் சேலம் மார்க்கமாகச் செல்லும் வண்டியில் ஏற்றினோம். வகுப்பை விட்டு நின்ற சிறுவனும் தாயாருடன் வந்தான். நிலையப் பெயர்ப் பலகையில் மாநில மொழி, இந்தி, ஆங்கிலம் என மூன்று எழுத்துகள் இருப்பதை அறிவீர்கள். பெல்லந்தூர் சாலை, கார்மேலாரம், ஹீலலிகே, ஆனேக்கல் சாலை என ஒவ்வொரு நிலையத்தின் கன்னடப் பெயரையும் பிள்ளைகள் கூவிப் படித்தனர். பலகையின் கீழே கடல்மட்டத்திற்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதையும் குறித்துக்கொண்டனர். ஆனேக்கல் சாலை கருநாடகத்தின் கடைசி நிலையம். அடுத்தது ஓசூர்.

வண்டி நின்றதும் பிள்ளைகள் சற்றே திகைத்தனர். பலகையில் கன்னடம் இருந்த இடத்தில் தமிழ் இருந்தது. பால் வாங்க வந்த சிறுவன் முன்னே சென்று எழுத்துக் கூட்டினான். ஒருமுறை தவறினான், மறுமுறை முழுப்பெயரையும் படித்துவிட்டான். "ஹொஸ ஊரு என்றால் கன்னடத்தில் புதிய ஊர் அல்லவா, மாமா?" என்று கேட்டுவிட்டு, தானே, "ஊரு, ஊர்!" என்று சிரித்தான். அவன் தாயார் நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் மகனிடம் மெல்ல, "இனிமேல் சேலம் பேருந்து நிலையத்தில் பலகை படிக்க நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை, நீயே படித்துச் சொல்லிவிடுவாய்" என்றார். அவருக்குமே தமிழ் படிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் நமக்கு விளங்கியது.

பாடப் பொருளுக்கும் நாம் இனி அலைய வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2001-இல் தொடங்கிய நிறுவனம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் விளங்குகிறது. அதன் மழலைக்கல்விப் பாடங்களும் மின்னூலகமும் கைபேசியிலேயே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றைத் திறப்பதற்கு முன், பிள்ளையின் நாவில் ஏற்கெனவே இருக்கும் சொற்களைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதே இவ்வாண்டிறுதியில் நாம் கற்ற பாடம்.

ஜூன் மாத முதல் ஞாயிறன்று மாடி வகுப்பு மீண்டும் தொடங்கும். பிள்ளைகளை அனுப்புங்கள். படிக்க விரும்பும் தாய்மாரும் உடன் வரலாம். அவர்களுக்கும் பாய் விரித்து வைத்திருப்போம்.