இன்தொக்ஸிகாதோ

தில்லியில் மருத்துவ ஸ்பானியம் பயிலத் தொடங்கியபோது இலக்கணம் என்னை வருத்தவில்லை. 'மே துவேலே லா கபேஸா' என்பது நம் 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதேயாம்; இரண்டிலும் தலையே எழுவாய், நோயாளி நிற்பது நான்காம் வேற்றுமையில். ஆங்கிலவழிப் பாடநூல் இதற்கெனச் செலவிட்ட பக்கங்கள் தமிழர்க்கு வேண்டுவதில்லை.

இடர் சொற்களில் இருக்கிறது, அதுவும் ஆங்கிலம் அறிந்தோர்க்கு. 'எம்பரஸாதா' கருவுற்றவள், நாணமுற்றவள் அல்லள். இது நகைப்போடு போகும். 'இன்தொக்ஸிகாதோ' அவ்வாறன்று. 1980இல் ஃபுளோரிடாவில் உணர்விழந்த 18 வயது இளைஞரைப் பற்றி, உண்டது ஒவ்வாமற்போயிற்று என்னும் பொருளில் கியூபக் குடும்பத்தார் இச்சொல்லைக் கூறினர். மருத்துவர்கள் போதைமருந்து என்று கொண்டனர். நிகழ்ந்ததோ மூளையில் இரத்தக்கசிவு. அது தெரியவந்தபோது கைகால்கள் நான்கும் செயலிழந்திருந்தன. மொழிபெயர்ப்பாளர் எவரும் அழைக்கப்படவில்லை. இரு தரப்பாரும் புரிந்துவிட்டதென்றே எண்ணியிருந்தனர்.