நெய்வேலித் தவளைக்கு வயது என்ன?

சென்னையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். ஆர்ச் கேட்டைத் தாண்டி நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் நுழைந்தால் நேரான சாலைகள், எண் போட்ட வட்டங்கள், மரநிழலில் குவார்ட்டர்ஸ் வீடுகள். 1956-ல் என்.எல்.சி. தொடங்கப்பட்ட பிறகு உருவான ஊர் இது.

நல்ல மழை பெய்த இரவில் இங்கே தவளைக் கச்சேரிதான். தெருவிளக்கின் கீழ் தேரைகள் பூச்சி பிடிக்கும். தேங்கிய நீரில் உள்ளங்கையை நிறைக்கும் பெரிய தவளைகள் கத்தும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தவளையின் உடல் மஞ்சளாகும், தொண்டைப் பைகள் நீலமாகும்.

'இவ்வளவு பெரிசா இருக்கே, எத்தனை வயசு இருக்கும்?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். உருவத்தை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. இளமையில் வேகமாக வளரும் தவளை, பருவமடைந்ததும் மெதுவாகவே வளரும். குட்டை சீக்கிரம் வற்றினால் தலைப்பிரட்டை அவசரமாக உருமாறி, சிறிய உடலோடு கரையேறும். நீர் நின்றால் பெரிதாக வளர்ந்து வரும். அதனால் ஒரே வயதுத் தவளைகள் இரண்டு அளவில் இருக்கலாம்.

சரியான கணக்கு எலும்பில் இருக்கிறது. வளர்ச்சி நிற்கும் பருவத்தில் விரல் எலும்பில் ஒரு கோடு விழும், மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி. குளிர்நாடுகளில் இது தெளிவாகத் தெரியும். நம் வெப்பநாட்டுத் தவளைகளிலும் அந்தக் கோடுகள் உண்டு என்று தார்வாடில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

தவளைக்கு வாலுள்ள உறவினர் சாலமாண்டர். பார்க்கப் பல்லி போலிருக்கும். தமிழகத்தில் கிடையாது, இந்தியாவில் டார்ஜிலிங் பக்கத்து மலைகளில் உண்டு. ஐரோப்பியக் குகைகளில் வாழும் 'ஓல்ம்' என்ற சாலமாண்டர், பருவமடையவே சுமார் 15 ஆண்டுகள் ஆகும். ஏறக்குறைய 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை, 35 முட்டைபோல இடும். 100 வயது வரைகூட வாழலாம் என்பது கணிப்பு.

நம் ஊர்ப் பெரிய தவளைக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரே மழையில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிடும். அவற்றில் பிழைத்துப் பெரிதாவது வெகு சில. பொதுவாக உடல் பெரிதாக இருக்கும் பெண் தவளைதான் அதிக முட்டையிடும். பல கோடைகளைத் தாண்டி வளர்ந்த அப்படி ஒரு தாய், ஈரச் சாலையில் டயருக்கடியில் சிக்கினால், அந்த வருடத்து முட்டைகளும் போச்சு.

மழை இரவில் நெய்வேலிச் சாலைகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். ஹெட்லைட் வெளிச்சத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பது கல்லாகவே இருக்க வேண்டும் என்றில்லை.