பதற்றம் ஜாக்கிரதை ஆகாது

‘பார்த்துப் போ’, ‘உனக்கெதுக்கு வண்டி’ என்று கேட்டுக் கேட்டே வளரும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் பதறுவதில் வியப்பில்லை. அந்தப் பதற்றத்தைத்தான் நாம் ஜாக்கிரதை என்று எண்ணிக்கொள்கிறோம். பதறுகிறவரைக் கவனியுங்கள்: கை ஸ்டியரிங்கை இறுக்கியிருக்கும், கண் முன்வண்டியின் பம்பரிலேயே ஒட்டியிருக்கும், பக்கக் கண்ணாடியை மறந்தே போயிருப்பார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 17 மீட்டர் அளவுக்குப் பாய்கிறது. தூரத்துப் பஸ் நிறுத்தத்தில் ஆள் இறங்குவதை முன்பே பார்த்தவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருப்பார். பம்பரையே பார்த்தவர் சடன் பிரேக் போடுவார். பின்னால் வரும் பைக்காரர் பாடு திண்டாட்டம்தான்.

பயம் இருந்தால்தானே வேகம் குறையும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் பத்துக்கு ஏழு பேர் அதிவேக விபத்துகளில் இறந்தவர்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதனால் வீடு ஊட்டிய எச்சரிக்கையை நான் குறை சொல்லவே மாட்டேன். அது பெரிய சொத்து. ஆனால் ‘வேண்டாம்’ என்று மட்டும் கேட்டு வளர்ந்த மனதுக்கு எங்கே பார்ப்பது, எப்போது காலை எடுப்பது என்று தெரியாது. எல்எல்ஆர் வாங்கியபின் லைசென்ஸ் தேர்வுக்கு 30 நாளாவது காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் விடியற்காலைக் காலிச் சாலையில் தொடங்கி, பிள்ளையை மெல்ல மெல்ல நெரிசலுக்குப் பழக்குங்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தயவுசெய்து கத்தாதீர்கள்.