ஊட்ரெக்ட் வீட்டு ஓமாவும் சயாமுக்குப் போன நம்ம ஆளுங்களும்



போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தப்ப ஓர் அக்கா கேட்டாங்க. "தம்பி, மகளுக்கு ஹாலந்துல படிக்க இடம் கிடைச்சிருக்கு. வெள்ளைக்காரங்க வீட்டுல தங்கணுமாம். சைவப் பிள்ளை, விளக்கு ஏத்துற பிள்ளை. எப்படிச் சமாளிக்கும்?" நின்ற இடத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன், மற்ற பெற்றோருக்கும் உதவும்.

2011 ஆகஸ்ட் தொடங்கி ஒரு வருஷம் ஊட்ரெக்ட் நகரில் ஒரு டச்சு குடும்பத்தோடு தங்கிப் படித்தேன். சூடான சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரே வேளைதான், மாலை ஆறு மணிக்கு. மத்தியானம் ரொட்டியும் சீஸும். பெரியவங்களே ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே சாக்லேட் தூவிச் சாப்பிடுவாங்க, சிரிக்காதீங்க. சைவம் என்று ஒரு தடவை சொன்னதோடு சரி, அப்புறம் யாரும் வற்புறுத்தவில்லை. சீஸில் மட்டும் கவனம் வேணும். பல டச்சு சீஸ்களில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்க்கிறாங்க. பாக்கெட்டைப் படிச்சுப் பார்த்து வாங்கச் சொல்லுங்க.

என் அறை மாடிக்கு மேல் கூரைக்கடியில். படிக்கட்டு ஏணி மாதிரி நிற்கும். சின்ன முருகன் படம் ஒன்றை ஜன்னலோரம் வைத்தேன். வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, "நீ முழிச்சிருக்கும்போது மட்டும் விளக்கு ஏத்து, ஊதுபத்திக்கு ஜன்னலைத் திற" என்று சொன்னாங்க. அவ்வளவுதான். அவங்க பேச்சு அப்படித்தான் நேராக இருக்கும். முதலில் சுருக்கென்று இருக்கும், பிறகு அதுவே வசதி என்று புரியும். கோயிலுக்கு ஏங்கினால் வடகோடியில் டென் ஹெல்டர் என்ற துறைமுக ஊரில் ஈழத்தமிழர் நடத்தும் பிள்ளையார் கோயில் இருக்கு. ஊட்ரெக்டிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

அக்காவிடம் இதுவரை சொல்லிவிட்டேன். சொல்லாத மீதி இனிமேல்தான்.

டச்சு வீடுகளில் பிறந்தநாள் காலண்டர் என்று ஒன்று உண்டு. அதைக் கழிவறைச் சுவரில் மாட்டி வைப்பாங்க! கிழமை இருக்காது, தேதி மட்டும்தான். ஒவ்வொரு வருஷமும் அதையே புரட்டலாம். அந்த வீட்டுக் காலண்டரில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் சின்ன சிலுவை போட்டிருந்தது. வீட்டம்மாவின் தாத்தா பெயர் அது. செத்து எழுபது வருஷம் ஆகப்போகுது, பெயரை இன்னும் எடுக்கவில்லை.

அவருடைய மகள்தான் ஓமா. டச்சு மொழியில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஓமா ஜாவாவில் பிறந்தவர். ஞாயிறு தோறும் வந்து நாசி கோரேங் செய்வார். சம்பால், கெச்சாப் எல்லாம் நம்ம வாயில் வரும் அதே சொல்தான், சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும்.

2012 மே 4. அன்றைக்குப் போரில் இறந்தவங்களை நாடே நினைக்கும். மாலை ஆறு மணிக்கே கொடி அரைக்கம்பத்துக்கு வந்துவிடும். எட்டு மணிக்கு இரண்டு நிமிஷம் மௌனம். டிவி முன்னால் எல்லோரும் எழுந்து நின்றோம். அது முடிந்ததும் ஓமா பேசினார். ஜப்பான்காரன் வந்தபோது அவரும் அவர் அம்மாவும் ஜாவாவில் முகாமில் அடைபட்டாங்க. அப்பா டச்சுப் படைவீரர், அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டாங்க.

எனக்குத் தூக்கிப்போட்டது. என் அப்பாவின் தாத்தாவும் அங்கேதான் போனார், கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து. திரும்பவில்லை.

சயாம் மரண ரயிலைப் பற்றி நம்மில் பலர் கேட்டிருப்பீங்க. 415 கிலோமீட்டர் பாதையை 1942க்கும் 1943 அக்டோபருக்கும் இடையில் போட்டு முடித்தாங்க. இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் அளவில் இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறாங்க. அதில் மலாயாத் தமிழர் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கு இல்லை.

ஓமா கைப்பையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்தார். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் அவர் அப்பா கிடக்கும் பகுதி, வரிசை, எண் எல்லாம் இருந்தது. "உங்க தாத்தா எங்கே?" என்று கேட்டார். இடம் தெரியாது என்றேன். "எந்தத் தேதி?" அதுவும் தெரியாது. பெயரைக்கூட எங்கள் வீட்டில் ஆளுக்கொரு மாதிரி சொல்வாங்க. அப்பா ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கும்போது ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். இரண்டாவது பெயர் வரும்போது அப்பா குரல் இறங்கிவிடும். ஓமா அதற்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த டச்சுக்காரங்க இந்தோனேசியாவை அடக்கி ஆண்ட கதையும் அந்த மேசையில் யாரும் அதிகம் பேசவில்லை, அதையும் சொல்லத்தான் வேணும்.

ஆகஸ்ட் 15, கிழக்கில் போர் முடிந்த நாள். டென் ஹாக் நகரில் அதற்கென்று ஒரு நினைவிடம் இருக்கு. ஓமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வழியில் பூ வாங்கினார், இரண்டு. ஒன்றை என் கையில் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் பெரியத்தை வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டேன். பழைய தோட்ட ரேஷன் அட்டை ஒன்று தகரப் பெட்டியில் இருந்தது. அதில் கொள்ளுத்தாத்தா பெயர் முழுசாக இருந்தது. இப்போ அப்பா அதைச் சத்தமாகவே சொல்கிறார்.

அன்பர்களே, இந்த ஆடி அமாவாசைக்கு நம்ம கோயிலில் சயாமுக்குப் போய்த் திரும்பாதவங்களுக்கு மோட்ச தீபம் ஏற்றலாம் என்று குருக்களும் நிர்வாகமும் சம்மதித்திருக்காங்க. கட்டணம் இல்லை. பெயர், தோட்டம், உங்களுக்கு என்ன உறவு, இந்த மூன்றையும் கவுண்டரில் இருக்கும் நோட்டில் எழுதுங்க. வீட்டில் வயசானவங்க இருந்தால் இந்த வாரமே கேளுங்க. இதுவரை 11 பேரின் விவரம் வந்திருக்கு. அதில் 3 பேருக்குத் தோட்டத்தின் பெயர் மட்டும்தான். பரவாயில்லை, குருக்கள் அதையே படிப்பார்.