டிரையர் மூடி

எங்கள் வீட்டில் டிரையர் என்று சொல்வது இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷினின் வலப்பக்கச் சிறு தொட்டியை. துணியைச் சுழற்றி நீரை வெளியேற்றுவதோடு அதன் வேலை முடிந்துவிடும்; மிச்ச ஈரத்தை மொட்டைமாடிக் கொடிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். டொரன்டோவில் இருக்கும் அக்காவிடம் ஒருமுறை டிரையர் ஓடவில்லை என்று தொலைபேசியில் சொன்னபோது, "பஞ்சு வடிகட்டியச் சுத்தம் பண்ணுனீங்களா?" என்று கேட்டார். அவர் வீட்டு டிரையர் வேறு ஜாதி. சூடான காற்றில் துணியை முழுக்கக் காயவைப்பது. உதிரும் பஞ்சு அதில் அடைந்தால் தீப்பிடிக்கும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான ஆண்டுகளை ஆராய்ந்து, அந்நாட்டு வீடுகளில் இவ்வகை டிரையர்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் என்று கணக்குச் சொன்னது. சுத்தம் செய்யாமைதான் முதற்காரணம். எங்கள் டிரையரில் சூடேற்றும் கம்பியே கிடையாது. ஆகவே ஆபத்தும் கிடையாது என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அந்தச் சிறு தொட்டிக்கு ஓய்வில்லாமல் போயிற்று. ஒரு நாளைக்கு ஏழெட்டு வேட்டிகள், விரிப்புகள், துண்டுகள். ஈரம் தங்கிய துணியை விரித்தால் முதுகில் புண் வரும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். கோடையில் கவலையில்லை, மில்லர்புரத்து வெயிலுக்கு அரைமணி நேரம் போதும். ஐப்பசி பிறந்துவிட்டால் கதை வேறு. காற்றின் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கடலையும் உப்பளங்களையும் தடவி வரும் காற்றில் காய்ந்த விரிப்பு இரவில் மறுபடி சில்லென்று ஆகிவிடுவதில் அதைக் கண்ணால் கண்டோம். (உப்பு விளைகிற ஊரில் துணியும் கொஞ்சம் உப்பாகத்தான் இருக்கும் என்பார் அம்மா.)

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது. அப்பாவைக் கட்டிலோடு உயர்த்தி, கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கினோம். மெஷினை உயர்த்த ஆளில்லை. அதன் அடிப்பாகம் இரண்டு நாள் சேற்று நீரில் நின்றது.

நீர் வடிந்ததும் அதை ஓட்டிப் பார்க்கவில்லை. அந்த மட்டும் அறிவு இருந்தது. பிளக்கைக் கழற்றி, பின்பக்கத் தகட்டை எடுத்து, நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவி, ஃபேன் காற்றில் நான்கு நாள் உலரவிட்டோம். அதற்குள் வீடெங்கும் அழுக்குத் துணி குவிந்துவிட்டது. மெக்கானிக் அண்ணாச்சிக்கோ அந்த வாரம் ஊரெல்லாம் வேலை. ஐந்தாம் நாள் இரவு எட்டு மணிக்கு வந்தார். மோட்டார் தப்பியிருந்தது. கெபாசிட்டரை மாற்றினார். அப்போதும் ஓடவில்லை. மூடிக்குக் கீழே இருக்கும் சிறு சுவிட்ச் துருவேறிக் கிடந்தது.

"இதுக்குப் புது சுவிட்ச் வர நாளாகும்க்கா. இப்போதைக்கு டைரக்டா குடுத்துருதேன். மூடியத் தொறக்கைல மட்டும் பாத்துக்கிடுங்க," என்றார்.

சரி என்றோம். சொல்லப்போனால் நன்றியோடு சரி என்றோம்.

அந்தச் சுவிட்சின் வேலையைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டோம். மூடியைத் திறந்தவுடன் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும்: சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும், மூடியோடு இணைந்த மெல்லிய பிரேக் வயர் தளர்ந்து, அடியில் உள்ள பிரேக் கட்டை மோட்டார்த் தண்டின் வட்டைக் கவ்வும். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் தொட்டி, எங்கள் மெஷினின் கையேட்டின்படி, 15 விநாடிக்குள் நின்றுவிட வேண்டும். எங்களுடையதில் முதல் காரியம் இல்லாமற் போயிற்று. இரண்டாவதும் நடக்கவில்லை. பிரேக் வயர் அதன் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இழுத்தபடி நின்றுவிட்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம். அப்பா கூப்பிட்ட அவசரத்தில் அம்மா டைமர் முடியும் முன்பே மூடியைத் திறந்து வேட்டியைப் பிடித்து இழுத்திருக்கிறார். ஈர வேட்டி கையைச் சுற்றிக்கொண்டது. சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினோம். பிடுங்கிய பிறகும் தொட்டி சுற்றிக்கொண்டேதான் இருந்தது. வலது மோதிர விரலில் எலும்பு முறிவு, மணிக்கட்டில் பிசகு. அப்பாவை அதுவரை கழுவித் துடைத்த கை அது. அடுத்த ஆறு வாரம் எங்களில் ஒருவர் அந்த வேலையைச் செய்தோம். அப்பா கூச்சத்தில் கண்களை மூடிக்கொள்வார்.

அண்ணாச்சியைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவர் பாத்துக்கிடச் சொன்னார். அம்மாவிடம் அதைச் சொல்ல மறந்தது நாங்கள்.

சுவிட்சும் பிரேக் வயரும் மாற்ற ஆன செலவு ஒரு மூட்டை அரிசி விலையை எட்டவில்லை. கூடவே 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டோம். அது முன்பே இருந்திருந்தாலும் அம்மாவின் விரலைக் காப்பாற்றியிராது, அதன் வேலை ஷாக் அடிப்பதைத் தடுப்பது. இப்போது மாதம் ஒருமுறை பின்தகட்டைக் கழற்றி வயரை இழுத்துப் பார்க்கிறோம். தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் சீல் கிழிந்து மோட்டாரில் நீர் சொட்டுகிறதா என்றும் பார்க்கிறோம். மோட்டார் முனகியபடி சுற்றாமல் நின்றால் உடனே அணைத்துவிடுகிறோம். கெபாசிட்டர் தளர்ந்தாலும் பிரேக் இறுகினாலும் முனகல் ஒன்றுபோலவே கேட்கும்.

அப்பா 2024 ஆவணியில் காலமானார். டிரையர் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓடுகிறது. தொட்டி நின்றபிறகும் அம்மா உடனே கையை விடுவதில்லை. மூடியைத் திறந்து வைத்துவிட்டு, மடங்காத மோதிர விரலைத் தேய்த்தபடி பதினைந்து வரை எண்ணுகிறார்.