ஹாஷ் குறியை எடுத்தவர்

கம்பைலரைக் கூப்பிட்டால், கம்பைலர் இல்லை என்று பதில் வருகிறது. சன் ஸ்பார்க்ஸ்டேஷனின் திரையில் ஒரே வரி: மொழி என்ற விருப்பத் தொகுப்பு நிறுவப்படவில்லை. திரைக்கு முன்னால் இருப்பவர் முகம் சுளிக்கவில்லை. விசைப்பலகைக்கு இடப்பக்கம் விரித்து வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டில் தேதியைப் போடுகிறார். அதன் கீழே அந்த வரியை எழுத்து மாறாமல் எழுதிக்கொள்கிறார்.

1994 அக்டோபர். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகம், அதில் ஒரு பொறியியல் துறை. இவர் அந்தத் துறையின் கணினி நிர்வாகி. ஐம்பதைத் தொட்ட பெண்மணி. நான் பக்கத்து மேசையில் என் ஆய்வுக் கணக்கு ஓடி முடியக் காத்திருப்பவன். பார்த்தால் தலையசைத்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். துறைக்கென்று ஒரு வெப் சர்வர் வேண்டும் என்று பேராசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்த வேலைதான் இப்போது அவர் கையில்.

சன் இயந்திரங்களின் பழைய இயங்குதளமான சன்ஓஎஸ் 4-இல் ஒரு சி கம்பைலர் கூடவே வந்தது. அதன் இடத்துக்குச் சோலாரிஸ் 2 வந்தபோது கம்பைலர் தனியாக விலைக்கு வாங்க வேண்டியதாகிவிட்டது. காசில்லாமல் கிடைப்பது குனூ திட்டத்தின் ஜிசிசி. ஆனால் ஜிசிசி மூலநிரலாகத்தான் வரும். அதைக் கம்பைல் செய்யவும் ஒரு கம்பைலர் வேண்டும். இவர் யாரோ எங்கோ கட்டி வைத்திருந்த பழைய ஜிசிசி ஒன்றை எஃப்டிபி வழியாக இறக்கிக்கொள்கிறார். அதைக்கொண்டு புதியதைக் கட்ட ஆரம்பிக்கிறார்.

இது மூன்று சுற்று வேலை. பழைய கம்பைலர் புதியதைக் கட்டும். அந்தப் புதியது தன் மூலநிரலைத் தானே கம்பைல் செய்து இன்னொரு பிரதியை உண்டாக்கும். அந்தப் பிரதி மறுபடியும் அதையே செய்யும். இரண்டாம் சுற்றில் வந்த கோப்புகளையும் மூன்றாம் சுற்றில் வந்தவற்றையும் பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டு, வித்தியாசம் இல்லை என்றால்தான் கம்பைலரை நம்பலாம். மணிக்கணக்கில் ஆகிறது. திரையில் நீள நீளமான வரிகள் மேலேறிக்கொண்டே இருக்கின்றன. அவர் சர்வரின் ஆவணங்களை அச்செடுத்து, பென்சிலும் கையுமாகப் படிக்கிறார். நடுநடுவே கண்ணை உயர்த்தி ஓடும் வரிகளைப் பார்க்கிறார். எச்சரிக்கைச் செய்தி ஏதாவது வந்தால் மட்டும் பென்சில் நோட்டுக்குப் போகிறது.

கட்டப்போகும் சர்வர், என்சிஎஸ்ஏ எச்டிடிபிடி, பதிப்பு 1.3. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சூப்பர்கம்ப்யூட்டிங் மையத்தில் ராப் மெக்கூல் எழுதியது. அதே மையத்தில்தான் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் மொசைக் பிரவுசரை எழுதி, 1993 ஜனவரியில் அதன் முதல் சோதனைப் பதிப்பை வெளியிட்டார்கள். அதற்கும் முன்னால், ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990 கடைசியில் முதல் பிரவுசரையும் முதல் சர்வரையும் ஓடவிட்டிருந்தார். அவருடைய பிரவுசர் நெக்ஸ்ட் இயந்திரத்தில் மட்டும்தான் ஓடும். நெக்ஸ்ட் வைத்திருந்தவர்களோ சிலர். அங்கே மாணவியாக வந்திருந்த நிக்கோலா பெல்லோ, எந்தச் சாதாரண டெர்மினலிலும் ஓடக்கூடிய ஒரு வரிப் பிரவுசரை எழுதியதும்தான் மற்ற இயந்திரக்காரர்களும் வெப்பைப் பார்க்க முடிந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் தன் வெப் மென்பொருளை எல்லோருக்கும் பொதுவென்று எழுதிக் கொடுத்தது.

இந்தப் பெயர்களெல்லாம் வரலாற்றில் ஏறிவிட்டன, ஏறவேண்டியவைதான். ஆனால் எழுதியவர் வெளியிட்ட அன்றே வெப் பரவிவிடவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு இயந்திரத்திலும் யாராவது ஒருவர் உட்கார்ந்து அதைக் கட்ட வேண்டியிருந்தது. அன்றைக்கு யூனிக்ஸ் என்ற பெயரில் எத்தனையோ வகைகள் இருந்தன. எந்த வகையும் இன்னொன்றைப் போல நடந்துகொள்ளாது. அந்த வித்தியாசங்களை ஒவ்வொன்றாகச் சமாளித்தவர்கள் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் சம்பளத்துக்கு இருந்த நிர்வாகிகள். வெப்பின் பாதியை இவர்கள்தான் கட்டினார்கள் என்பது என் திடமான எண்ணம்.

கம்பைலர் தயாராகிவிட்டது. ஒப்பீட்டில் வித்தியாசம் எதுவும் இல்லை. நோட்டில் ஒரு சிறு டிக் குறி விழுகிறது.

சர்வரின் டார் கோப்பை விரிக்கிறார். மூலநிரலுக்கு ஓர் அடைவு, அமைப்புக் கோப்புகளுக்கு ஒன்று, சின்னப் படங்களுக்கு ஒன்று, சிஜிஐ நிரல்களுக்கு ஒன்று, துணைக்கருவிகளுக்கு ஒன்று. மூலநிரல் அடைவுக்குள் போய், எப்படிக் கட்ட வேண்டும் என்று மேக் நிரலுக்குச் சொல்லும் மேக்ஃபைலை விஐ எடிட்டரில் திறக்கிறார். அதில் சன்ஓஎஸ், சோலாரிஸ், ஐரிக்ஸ், எச்பி-யூஎக்ஸ், லினக்ஸ் என்று ஒவ்வொரு யூனிக்ஸுக்கும் ஓரிரு வரிகள். பெரும்பாலும் எல்லா வரிகளுக்கும் முன்னால் ஹாஷ் குறி. ஹாஷ் இருந்தால் அந்த வரி வெறும் குறிப்பு; எடுத்துவிட்டால் உயிர் வந்துவிடும். உன் இயந்திரம் எதுவோ அந்த வரியின் ஹாஷை மட்டும் எடு, மற்றதைத் தொடாதே. யார், எந்த அறையில், எந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவார் என்று தெரியாமலே எழுதி வைத்த வரிகள் அவை. அந்த அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அவர் கர்சரை ஒவ்வொரு வரியாக இறக்குகிறார். தாவிப் போவதில்லை. தன் இயந்திரத்துக்குச் சம்பந்தமில்லாத வரிகளையும் படித்துக்கொண்டே வருகிறார். சோலாரிஸ் வரியில் நின்று, ஹாஷின் மேல் கர்சரை வைத்து எக்ஸ் விசையை ஒருமுறை தட்டுகிறார். சேமிக்கிறார். மேக் என்று தட்டுகிறார்.

கோப்புகள் ஒவ்வொன்றாகக் கம்பைல் ஆகின்றன. கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் லிங்கர் நின்றுவிடுகிறது. சாக்கெட், கெட்ஹோஸ்ட்பைநேம் என்று வரையறை கிடைக்காத பெயர்களின் ஒரு பட்டியல். அவற்றுக்கு எதிரே, அவற்றைக் கேட்ட கோப்பின் பெயர். எச்டிடிபிடி உருவாகவில்லை.

அவர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படிக்கிறார். எல்லாமே வலையமைப்பைத் தொடும் அழைப்புகள். பழைய சன்ஓஎஸ்ஸில் இவை சி நூலகத்துக்குள்ளேயே இருந்தன. சோலாரிஸில் சாக்கெட், என்எஸ்எல் என்று இரண்டு தனி நூலகங்களுக்குப் போய்விட்டன. அவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் லிங்கர் சேர்த்துக்கொள்ளும். மறுபடி மேக்ஃபைல். சோலாரிஸ் வரிக்குக் கீழேயே இன்னொரு வரி ஹாஷோடு நிற்கிறது: அந்த இரண்டு நூலகங்களின் பெயர்கள். எக்ஸ். சேமிப்பு. மேக். இந்த முறை கடைசி வரியில் பிழையென்று எதுவும் இல்லை.

அமைப்புக் கோப்புகள் மூன்று. சர்வர் தனியாக ஓடுமா, வேறொன்று அதை எழுப்பிவிட வேண்டுமா. எந்தப் போர்ட்டில் காது கொடுக்க வேண்டும். யார் பெயரில் ஓட வேண்டும். 80-ஆம் போர்ட்டைத் திறக்க ரூட் உரிமை வேண்டும். ஆனால் வெளியிலிருந்து வரும் முகம் தெரியாத ஆட்களுக்கு ரூட் பதில் சொல்லக்கூடாது. அதனால் சர்வர் ரூட்டாகத் தொடங்கி, வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு பிள்ளை புராசஸைப் பெற்று, அதை 'நோபடி' என்ற அதிகாரமில்லாத கணக்குக்கு இறக்கிவிட்டுப் பதில் சொல்ல வைக்கிறது. இந்த இடத்தில் அவர் நிறைய நேரம் எடுத்துக்கொள்கிறார். எந்தெந்த அடைவை நோபடி படிக்கலாம், எதில் எழுதலாம் என்று ஒவ்வொன்றாக அனுமதிகளைப் பார்க்கிறார். யாரும் அவரை இதற்காகப் பாராட்டப் போவதில்லை. ஒழுங்காகச் செய்தால் எதுவும் நடக்காது, அதுதான் இந்த வேலையின் பலன்.

சர்வரை ஓடவிட்டதும் பிரவுசரைத் தேடுவார் என்று நினைத்தேன். இல்லை. பக்கத்து டெர்மினலுக்கு நகர்ந்து, டெல்நெட் கொண்டு சர்வரின் 80-ஆம் போர்ட்டைத் தொடுகிறார். திரை சும்மா நிற்கிறது. கெட் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, எண்டர் விசையை அழுத்துகிறார். உடனே அவர் எழுதி வைத்திருந்த முதல் பக்கம், கோண அடைப்புக் குறிகள் சகிதம், மொத்தமாக வந்து விழுகிறது: தலைப்பு, துறையின் பெயர், முகவரி. அடுத்த வரியில், எதிர்முனை இணைப்பைத் துண்டித்துவிட்டது என்ற செய்தி. உலகமே பிறகு பிரவுசர் வழியாகப் பேசப்போகும் நெறிமுறையை ஒரு மனுஷி வெறும் கையால் பேசிக் காட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு.

அவர் நோட்டில் இன்னொரு டிக் போட்டுவிட்டு மொசைக்குக்குப் போகிறார்.

மொசைக்கின் மூலநிரலும் கிடைக்கிறது. ஆனால் அதன் பொத்தான்களும் மெனுக்களும் மோட்டிஃப் என்ற கருவிப்பெட்டியால் ஆனவை. அதற்குக் காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டும். துறையிடம் உரிமம் இல்லை. உரிமம் இல்லாதவர்களுக்காகவே என்சிஎஸ்ஏ மோட்டிஃபை உள்ளேயே வைத்துக் கட்டிய ஆயத்தக் கோப்புகளை ஒவ்வொரு இயந்திர வகைக்கும் தனித்தனியாகப் போட்டுவைத்திருந்தது. அதை இறக்கி ஓடவிட்டால், தொடங்கிய ஜன்னலில் சரமாரியாக எச்சரிக்கைகள்: 'ஓஎஸ்எஃப்' என்று தொடங்கும் விசைப் பெயர்கள் எதுவும் தெரியாதாம். மோட்டிஃப் தனக்கென்று வைத்திருக்கும் விசைப் பெயர்கள் அவை. மோட்டிஃப் நிறுவாத இயந்திரத்துக்கு அவற்றைச் சொல்லிக் கொடுக்க ஒரு சின்னக் கோப்பு வேண்டும். அது எங்கே கிடைக்கும், எந்த அடைவில் வைக்க வேண்டும் என்பதை அச்செடுத்த தாள்களில் ஏற்கெனவே அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார். கோப்பை வைத்ததும் எச்சரிக்கைகள் ஓய்கின்றன. மூலையில் பூகோள உருண்டை சுழல்கிறது; துறையின் பக்கம் சாம்பல் நிறப் பின்னணியில் விரிகிறது.

மறுநாள் அவர் செய்தது, அந்த வாரத்தின் முக்கியமான வேலை என்று எனக்குப் படுகிறது. துணைக்கருவி ஒன்றில் பழைய பிஎஸ்டி பழக்கத்தில் எழுதியிருந்த ஓர் அழைப்பு சோலாரிஸில் ஒத்துவரவில்லை. அதை அவர் மாற்றியிருந்தார். பழைய கோப்பையும் திருத்திய கோப்பையும் டிஃப் நிரலிடம் கொடுக்கிறார். மாறிய வரிகளுக்கு முன்னால் ஆச்சரியக்குறி, அவற்றைச் சுற்றி மாறாத சில வரிகள். அந்தச் சுற்றுவரிகள் இருப்பதால்தான், வேறொருவருடைய பிரதியில் வரி எண்கள் முன்னே பின்னே ஆகியிருந்தாலும், லாரி வால் 1985-இல் வெளியிட்ட பேட்ச் நிரல் சரியான இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டிவிடும். அந்தச் சிறு கோப்புக்கு மேலே, எந்த இயந்திரம், எந்தப் பதிப்பு, என்ன கோளாறு, ஏன் இந்த மாற்றம் என்று சுருக்கமாக எழுதி, தெரிந்த நிர்வாகிகளுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறார்.

மெக்கூல் அந்த ஆண்டின் நடுவிலேயே என்சிஎஸ்ஏவை விட்டுப் போய்விட்டார். சர்வரின் வளர்ச்சி தேங்கி நின்றது. நாடெங்கும் நிர்வாகிகள் தத்தம் திருத்தங்களைத் தாங்களே வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1995 பிப்ரவரியில் பிரையன் பெலண்டார்ஃப் முதலானவர்கள் மின்னஞ்சல் வழியே கூடி, அப்படிச் சிதறிக் கிடந்த திருத்தங்களை என்சிஎஸ்ஏ 1.3-இன் மேல் ஒன்றாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். அப்படி உருவானதுதான் அப்பாச்சி. ஏப்ரலில் முதல் பொதுப் பதிப்பு, டிசம்பர் 1-இல் 1.0. அடுத்த ஆண்டே இணையத்தில் மிக அதிகமாக ஓடும் சர்வர் அதுவாகிவிட்டது.

நான் பார்த்துக்கொண்டிருந்த அந்த அக்டோபரில் இதெல்லாம் இன்னும் நடக்கவில்லை. இயற்பியல் துறையிலிருந்து ஓர் இளைஞர் வந்து நிற்கிறார். அவர்களுக்கும் சர்வர் வேண்டுமாம். ஆனால் அவர்களிடம் இருப்பது எச்பி இயந்திரம். இவர் நோட்டை அவரிடம் நீட்டி, முதல் தேதியிலிருந்து நகலெடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

"உங்கள் இயந்திரத்தில் இதில் பாதி செல்லாது. எந்தப் பாதி என்று எழுதிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்."