தோற்ற நாளில் எழுந்த கரவொலி



1916-ல் நிறுவப்பட்ட சேப்பாக்கம் மைதானம் 2016-ல் நூற்றாண்டைக் கண்டபோது, சிறுவயது முதல் கிரிக்கெட்டை நேசிக்கும் நான் திருச்சியிலிருந்தே மகிழ்ந்தேன். இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1952-ல் பெற்றது அங்கேதான். ஆயினும் என் நெஞ்சில் நிலைத்திருப்பது ஒரு தோல்வி.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் நண்பர் வீட்டு வானொலியருகே அமர்ந்திருந்தேன். டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 ஓட்டங்கள் எடுத்தும், பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றது. சினத்தோடு வானொலியை அணைத்தேன். மைதானத்து மக்களோ எழுந்து நின்று, வென்றவர்களைக் கைதட்டி வாழ்த்தினார்கள். மறுநாள் செய்தித்தாளில் அதை வாசித்து வெட்கினேன். அந்த ஞாயிறு காலை, பகைவரை நேசிப்பதைப் பற்றிப் பிரசங்கித்தவன் நான். அதைச் செய்து காட்டியவர்கள் அவர்கள்.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்களை வென்றவர் யார்? அவருக்காக எழுந்து நிற்பீர்களா?